பீட்டில்ஸ் பாடல்கள் ஸ்டூடியோவில் உண்மையில் எப்படிப் பதிவாயின: காதால் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன் என் ஹெட்போனின் இடது பக்கம் வேலை செய்யாமல் போனது. வேறு ஹெட்போன் கையில் இல்லாததால் அதிலேயே பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தைப் போட்டேன். கிட்டாரைக் காணோம், பேஸைக் காணோம். குரல்கள் மட்டும் காதருகே வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால், சுவருக்கு அப்பால் யாரோ வாசிப்பதுபோல டிரம்ஸ் மெல்லக் கேட்டது. ஏன் இப்படி என்று அன்று தேடத் தொடங்கினேன், இன்னும் நிறுத்தவில்லை.

இவர்களின் சில பாடல்கள், நான்கு பேர் ஓர் அறையில் நின்று வாசித்ததை அப்படியே பிடித்தவை. வேறு சில பாடல்களை, நாம் கேட்கும் வடிவத்தில் யாரும் எங்கும் ஒரு முறைகூட வாசித்ததில்லை. இரண்டுக்கும் இடையில் சில வருடங்கள்தான். அந்தத் தூரத்தை அளக்க எனக்கு உதவியது ஒரே ஒரு கேள்வி: அன்று டேப்பில் எத்தனை டிராக், அதாவது ஒலியைத் தனித்தனியே பதிய எத்தனை தடம், இருந்தது? இடம் குறைவாக இருந்ததால் எதை முதலில் பதிவது, எதை எதோடு கலப்பது என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது. எடுத்த முடிவைத் திரும்பப் பெற முடியாது. அந்த முடிவுகள் இன்றும் பாட்டுக்குள் கேட்கின்றன.

படி 1: சரியான பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்

இது சலிப்பான படிதான், ஆனால் இதில் தவறினால் மற்ற எல்லாம் தவறும். 2017 முதல் வெளிவந்த புதிய ரீமிக்ஸ்கள், அதாவது பழைய டேப்பை மறுபடி கலந்த பதிப்புகள், கேட்க அருமையானவை, ஆனால் துப்பறியும் வேலைக்கு ஆகாது. அவற்றில் வாத்தியங்கள் இடம் மாறிவிட்டன. 2009-இல் ஸ்டீரியோவாகவும் (இடது, வலது என இரண்டு சானல்) மோனோவாகவும் (எல்லாம் ஒரே சானலில்) இரண்டு தொகுப்புகள் வந்தன. நமக்கு இரண்டும் வேண்டும். 1995, 1996 ஆண்டுகளில் அதிகாரபூர்வமாக வெளியான, அதுவரை வெளிவராத டேக்குகளின் (பாட்டை வாசித்துப் பதிந்த ஒவ்வொரு முயற்சியும் ஒரு டேக்) தொகுப்பும் வேண்டும். அதோடு இடது வலது சானலைப் பிரிக்கவும், வேகத்தை மாற்றவும், ஒலியைத் தலைகீழாக ஓட்டவும் தெரிந்த ஏதாவது ஒரு இலவச மென்பொருள். அவ்வளவு போதும்.

படி 2: பாட்டின் தேதியைப் பார்த்து டிராக் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான பாடல்கள் லண்டனில், அபே ரோடு 3-ஆம் எண் கட்டிடத்தில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் பதிவானவை. 1931-இல் திறந்த இடம். எஞ்சினியர்கள் கோட்டும் டையும் போட்டு வருவார்கள். காலை 10 முதல் 1, மதியம் 2.30 முதல் 5.30, இரவு 7 முதல் 10 என்று மூன்று மணிநேர அமர்வுகளாக நாள் ஓடும். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். 1965 வரை எஞ்சினியர் நார்மன் ஸ்மித். 1966 ஏப்ரலில் அந்த நாற்காலிக்கு இருபது வயதே ஆன ஜெஃப் எமெரிக் வந்தார்.

1963 அக்டோபர் வரை இரண்டே டிராக். 1963 அக்டோபர் 17 அன்று 'ஐ வாண்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பாடலோடு நான்கு டிராக் தொடங்குகிறது. 1968 கோடையில் 'ஹே ஜூட்' பாடலை ட்ரைடென்ட் என்ற வேறொரு ஸ்டூடியோவுக்குப் போய்ப் பதிந்தார்கள். அங்கே எட்டு டிராக் மெஷின் இருந்தது. அந்த செப்டம்பரில் அபே ரோடிலும் எட்டு டிராக் புழக்கத்துக்கு வந்தது. இந்த மூன்று எல்லைகளை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். 'ரிவால்வர்', 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பங்கள் இரண்டும் நான்கு டிராக் காலத்தில் உருவானவை. அதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

படி 3: ஒரு காதை மூடிக் கேளுங்கள்

முதலில் எளிய பயிற்சி. 1963 பிப்ரவரி 11 அன்று பதிவான பாடல்களில் ஏதாவது ஒன்றின் ஸ்டீரியோ பதிப்பை எடுத்து, வலது சானலை மட்டும் கேளுங்கள். அப்புறம் இடதை மட்டும். ஒரு பக்கம் குரல், மறு பக்கம் வாத்தியங்கள். இது அழகுக்காகச் செய்ததில்லை. இரண்டு டிராக்கில் குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியே வைத்தால், பிறகு மோனோவாகக் கலக்கும்போது குரலை ஏற்றி இறக்க வசதியாக இருக்கும் என்பதற்காகச் செய்தது. அந்த வேலை டேப்பையே ஸ்டீரியோ என்று வெளியிட்டதால்தான் பிரிவு இவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது.

குரல் பக்கத்தில் டிரம்ஸ் மெலிதாகக் கேட்கிறதா? அதுதான் முக்கியத் தடயம். பாடும் மைக்குக்குள் டிரம்ஸ் கசிந்திருக்கிறது என்றால் பாடியதும் வாசித்ததும் ஒரே நேரத்தில், ஒரே அறையில். கசிவு இல்லாமல் குரல் சுத்தமாக நின்றால், பெரும்பாலும் அது பிறகு ஹெட்போன் போட்டுப் பாடிச் சேர்த்தது.

அன்று ஒரே நாளில் பத்துப் பாடல்கள். கடைசியாக, இரவு பத்து மணிக்கு மேல் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. ஜான் லெனனுக்குச் சளி, குரல் கிழிந்திருந்தது. முதல் டேக்கே ஆல்பத்தில் இருப்பது. இரண்டாவது முறை முயன்றபோது பாடக் குரல் மிச்சமில்லை. இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது அந்தக் கரகரப்பு வேறு விதமாகக் கேட்கும்.

படி 4: எது எதோடு ஒட்டிக்கொண்டது என்று வரைபடம் போடுங்கள்

இந்த வழிகாட்டியின் இதயம் இங்கேதான் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

நான்கு டிராக்கும் நிரம்பிவிட்டது, இன்னும் சேர்க்க வேண்டியது இருக்கிறது. என்ன செய்வது? அந்த நான்கையும் கலந்து, இன்னொரு மெஷினில் ஒன்று அல்லது இரண்டு டிராக்கில் பதிவார்கள். அங்கே மீதி டிராக்குகள் காலியாகக் கிடைக்கும். இதைத்தான் ரிடக்‌ஷன் என்பார்கள், பொதுவாக பவுன்ஸ் என்றும் சொல்வதுண்டு. ஒவ்வொரு பவுன்சுக்கும் விலை உண்டு. டேப்பின் இரைச்சல் கூடும், மேல் ஸ்தாயி ஒலிகள் மங்கும். அதைவிடப் பெரியது, அதுவரை தனித்தனியாக இருந்தவை இனி ஒன்று. கலந்த பிறகு கிட்டார் சத்தம் அதிகம் என்று தோன்றினால், கிட்டாரை மட்டும் குறைக்க வழியில்லை. சரி என்று முன்னால் போக வேண்டும், அல்லது பழைய டேப்புக்குத் திரும்பி எல்லாவற்றையும் மறுபடி கலக்க வேண்டும்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 1963 முதல் 1968 வரையிலான ஒரு பாடலின் ஸ்டீரியோ பதிப்பைக் கேட்டு, எந்தெந்த ஒலிகள் எப்போதும் ஒரே இடத்தில் சேர்ந்தே இருக்கின்றன என்று குறியுங்கள். டிரம்ஸும் ரிதம் கிட்டாரும் ஒரே புள்ளியில் நின்று, ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறினால், அவை ஒரே டிராக்கில் இருக்கின்றன. குரல் இரண்டு பக்கமாகப் பிரிந்து கேட்டால் அதற்கு இரண்டு டிராக். பேஸ் எங்கே என்று தனியாகத் தேடுங்கள். 1967 வாக்கில் பால் மெக்கார்ட்னி பேஸைக் கடைசியில், எல்லோரும் போன பிறகு, அதற்கென ஒரு டிராக்கில் வாசிப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். அந்தக் காலப் பேஸ் பாட்டுக்கு அடியில் ஒளிந்திருக்காமல் தனிக் குரல்போல நடமாடுவதற்குக் காரணம், மற்ற எல்லாவற்றையும் கேட்டபின் அவர் வாசித்தார் என்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

'டாக்ஸ்மேன்' பாடலில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒரே டிராக்கில் பதிவானவை. 'பெப்பர்' ஆல்பத்தை 2017-இல் புதிதாகக் கலக்கும்போது, பவுன்ஸ் செய்வதற்கு முந்தைய டேப்புகளுக்குத் திரும்ப முடிந்தது. 'டாக்ஸ்மேன்' போன்ற பாடலுக்கு அப்படித் திரும்ப முந்தைய டேப் என்று ஒன்று இல்லை. மூன்றும் பிறந்ததே ஒன்றாகத்தான். கலந்த ஒலியைப் பிரித்தெடுக்கும் கணினித் தொழில்நுட்பம் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழுவிடமிருந்து வந்த பிறகுதான், 2022-இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினால் 'ரிவால்வர்' ஆல்பத்தைப் புதிதாகக் கலக்க முடிந்தது.

படி 5: வேகத்தைச் சந்தேகப்படுங்கள்

டேப்பை மெதுவாக ஓட்டிப் பதிந்து சரியான வேகத்தில் போட்டால், ஒலி வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் கேட்கும். தலைகீழாகச் செய்தால் கனமாகும். 1965-க்குப் பிறகு இதை இவர்கள் ஒரு வாத்தியம்போலவே பயன்படுத்தினார்கள்.

'இன் மை லைஃப்' பாடலின் நடுவில் வரும் துணுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ப்சிகார்ட் மாதிரி இருக்கும். உண்மையில் அது பியானோ. டேப்பைப் பாதி வேகத்தில் ஓட்டவிட்டு, ஓர் எட்டுச்சுரம் கீழே, ஜார்ஜ் மார்ட்டின் வாசித்தது. அந்தப் பகுதியை மட்டும் உங்கள் மென்பொருளில் சுருதியும் சேர்ந்து குறையும்படி பாதி வேகத்தில் ஓட்டுங்கள். சாதாரணப் பியானோ வெளியே வந்து நிற்கும். ஒவ்வொரு சுரமும் இயல்பாக அடங்கும். வேகமாகக் கேட்கும்போது அந்த அடங்கல் சுருங்கி, சுண்டிவிட்டதுபோல் ஆகிறது. உங்கள் காதே ஆதாரம்.

'ரெயின்' இதற்கு எதிர்ப்பக்கம். பின்னணியை வேகமாக வாசித்து, பிறகு டேப்பை மெதுவாக்கினார்கள். டிரம்ஸ் சேற்றில் நடப்பதுபோலக் கனத்துக் கேட்பது அதனால்தான். வாசித்த அசல் வேகத்தில் ஒரு டேக் 2022-இன் 'ரிவால்வர்' தொகுப்பில் வெளியாகியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ரிங்கோ ஸ்டார் எவ்வளவு வேகமாக அடித்திருக்கிறார் என்று புரியும்.

மோனோவும் ஸ்டீரியோவும் வேகத்தில் வேறுபடும் பாடல்களும் உண்டு. 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' மோனோவில் ஏறக்குறைய அரைச்சுரம் உயரமாகவும் சுறுசுறுப்பாகவும் ஓடும், ஸ்டீரியோவில் இழுக்கும். அந்தக் காலத்தில் இசைக்குழு அருகில் இருந்து கவனித்தது மோனோ மிக்ஸைத்தான். எனக்கும் மோனோதான் அந்தப் பாட்டு.

படி 6: ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடுங்கள்

பிளேடால் டேப்பை வெட்டி ஒட்டுவது அன்றைய எடிட்டிங். தடயங்கள் இவை: சிம்பலின் அதிர்வு நடுவில் அறுந்துபோவது, அறையின் எதிரொலி திடீரென மாறுவது, தாளம் ஒரு முடி அளவு நகர்வது. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாடலின் ஸ்டீரியோ பதிப்பில் கடைசிச் சரணத்தில் லெனனும் மெக்கார்ட்னியும் வேறு வேறு வார்த்தைகளைப் பாடிவிடுவார்கள், அடுத்த வரியில் லெனனின் குரலில் சிரிப்பு எட்டிப்பார்க்கும். மோனோவில் அது இல்லை. ஸ்டீரியோவுக்கு வேறு டேக்குகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தப் படிக்கு எல்லோரும் போய்ச் சேரும் பாடல் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. 1966 நவம்பர் 24 அன்று தொடங்கினார்கள். மெலோட்ரான் (டேப்பில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) முன்னுரையோடு, மிதந்துபோகிற மாதிரி ஒரு வடிவம் கிடைத்தது, டேக் 7. அது லெனனுக்குத் திருப்தி தரவில்லை. டிரம்பெட்டும் செலோவும் சேர்த்து, வேகமாக, வேறு சுருதியில் இன்னொரு வடிவம் செய்தார்கள், டேக் 26. அதன்பின் அவர் மார்ட்டினிடம் கேட்டது: முதலாவதின் ஆரம்பமும் இரண்டாவதின் முடிவும் வேண்டும். வேகமும் வேறு, சுருதியும் வேறு என்றார் மார்ட்டின். ஆனால் வேகமான, சுருதி உயர்ந்த டேக்கை மெதுவாக்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கி, மற்றதன் அருகில் வந்தன. டிசம்பர் 22 அன்று வெட்டி ஒட்டினார்கள்.

பாட்டு தொடங்கி ஒரு நிமிடம். பல்லவி இரண்டாவது முறை வரும்போது, அதன் முதல் வரிக்குள்ளேயே ஒட்டு இருக்கிறது. முதலில் சாதாரணமாகக் கேளுங்கள், பிறகு அந்தப் பத்து நொடியை மட்டும் திரும்பத் திரும்ப. செலோ உள்ளே நுழையும், டிரம்ஸ் அடர்த்தியாகும். எல்லாவற்றையும்விட லெனனின் குரலைக் கவனியுங்கள். மெதுவாக்கப்பட்டதால் தொண்டை தடித்து, தூக்கத்தில் பேசுவதுபோல் ஆகிவிடும். ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் எனக்கு அதனால் பாட்டின் மயக்கம் குறையவில்லை, கூடியது. பழைய டேக்குகளின் தொகுப்பில் டேக் 7 முழுதாக இருக்கிறது. ஒட்டுப்போட்ட நிமிடத்துக்குப் பிறகு அது எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

படி 7: வினோத ஒலிகளுக்குப் பெயர் கொடுங்கள்

இரட்டைக் குரல் என்றால் இரண்டு வழி. ஒன்று, பாடகர் அதே வரியை மறுபடி பாடுவது. அதில் வார்த்தை முடிவில் வரும் மெய்யெழுத்துகள் இரண்டு முறை தெறிக்கும். லெனனுக்கு அப்படித் திரும்பப் பாடுவது பிடிக்காது. 1966-இல் தொழில்நுட்பப் பிரிவிலிருந்த கென் டவுன்சென்ட், குரலை இன்னொரு டேப் மெஷினுக்கு அனுப்பி, அதன் வேகத்தை லேசாக அசைத்து, அசலோடு சேர்த்துத் தானாகவே இரட்டிக்க வைத்தார். இதில் மெய்யெழுத்துகள் ஒன்றாகவே விழும், ஆனால் குரலுக்கு ஓர் அலையடிக்கும் விளிம்பு இருக்கும்.

தலைகீழ் ஒலி என்று சந்தேகம் வந்தால் திருப்பி ஓட்டிவிடுங்கள். 'ரெயின்' முடிவில் வரும் புரியாத குரல், திருப்பினால் பாட்டின் முதல் வரி.

'டுமாரோ நெவர் நோஸ்' மட்டும் தனிப் பாடம். 'ரிவால்வர்' ஆல்பத்துக்காக முதலில், 1966 ஏப்ரல் 6 அன்று தொடங்கிய பாடல் அது. கடற்பறவை கத்துவதுபோல வரும் ஒலி, மெக்கார்ட்னியின் சிரிப்பு வேகம் கூட்டப்பட்டது. ஐந்து டேப் வளையங்களை வெவ்வேறு மெஷின்களில் ஓடவிட்டு, டேப் தொய்யாமல் இருக்க ஆட்கள் பென்சிலால் பிடித்துக்கொண்டு நிற்க, ஒலி கலக்கும் மேசையில் ஃபேடர்களை (ஒலியளவுக் கட்டைகளை) ஏற்றி இறக்கி அதைப் பதிந்தார்கள். அதாவது மேசையே அன்று வாத்தியம். பாட்டின் பாதியில் லெனனின் குரல் தூரமாகிச் சுழலும் இடம், ஹாம்மண்ட் ஆர்கனுக்கான, சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாகக் குரல் போகும் இடம்.

படி 8: டிரம்ஸ் மைக் எவ்வளவு அருகில்?

1963 டிரம்ஸையும் 1966 டிரம்ஸையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும். முன்னதில் அறை கேட்கும். பின்னதில் தோல் கேட்கும். எமெரிக் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை வழக்கத்தைவிட மிக நெருக்கமாகக் கொண்டுபோனார். 'எலினார் ரிக்பி' தந்தி வாத்தியங்களிலும் அதே நெருக்கம். எட்டுப் பேர் வில் உரசுவது முகத்தருகே கேட்கும். 1960-களின் கடைசியில் ஸ்டூடியோவுக்கு டிரான்சிஸ்டர் மேசை வந்தது, அதற்கு முன் வால்வு. 'அபே ரோடு' ஆல்பம் மிருதுவாக ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 9: யார் வாசித்தது என்பதை ஊகிக்காதீர்கள்

'டாக்ஸ்மேன்' எழுதிப் பாடியவர் ஜார்ஜ் ஹாரிசன், ஆனால் நடுவில் பாயும் கிட்டார் மெக்கார்ட்னியுடையது. 'பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.' பதிவானபோது ரிங்கோ கோபித்துக்கொண்டு போயிருந்தார், டிரம்ஸில் மற்றவர்கள். 'தி பேலட் ஆஃப் ஜான் அண்ட் யோகோ' லெனன், மெக்கார்ட்னி இருவர் மட்டும். 'லவ் மீ டூ' பாடலின் 1962 செப்டம்பர் பதிவுகளுக்கு எளிய சோதனை உண்டு: டாம்பரின் கேட்டால் டிரம்ஸ் வாசிப்பவர் ஆண்டி வைட், ரிங்கோ கையில் டாம்பரின். கேட்காவிட்டால் ரிங்கோவே டிரம்ஸில்.

படி 10: காகிதத்தையும் நினைவையும் ஒத்துப் பாருங்கள்

டேப் பெட்டிகளிலும் பதிவுத் தாள்களிலும் தேதி, டேக் எண், மிக்ஸ் எண் எல்லாம் எழுதியிருக்கும். டேக் 26 என்றால் 26 தடவை வாசித்தார்கள் என்று பொருளில்லை. பவுன்ஸ் செய்தாலும் புதிய எண் கொடுப்பார்கள். 'ஸ்ட்ராபெர்ரி' பாடலில் டேக் 15-ஐயும் 24-ஐயும் ஒட்டிக் கலந்தது 25, அதை மீண்டும் கலந்தது 26.

நினைவுகளை மதியுங்கள், ஆனால் அவற்றின்மேல் கட்டாதீர்கள். தலைகீழ்க் குரல் யார் யோசனை? டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தவறாகப் போட்டபோது கண்டுபிடித்தேன் என்றார் லெனன். நான்தான் செய்து காட்டினேன் என்றார் மார்ட்டின். இருவரும் மனதார நம்பித்தான் சொல்லியிருப்பார்கள். டேப்பில் இருப்பது தலைகீழ்க் குரல் மட்டும்.

எல்லாப் படிகளையும் ஒரே பாட்டில்: 'எ டே இன் தி லைஃப்'

1967 ஜனவரி 19. நான்கு டிராக். லெனன் கிட்டாரோடு பாடுகிறார், மெக்கார்ட்னி பியானோ, ஹாரிசன் மராக்கஸ், ரிங்கோ பாங்கோ. நடுவில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் 24 தாளவட்டங்களைக் காலியாக விட்டு, உதவியாளர் மால் எவன்ஸ் எண்ணிக்கொண்டே போனார். முடிவைக் குறிக்க ஓர் அலாரம் கடிகாரம் அடித்தது. அடுத்து வரும் மெக்கார்ட்னியின் பகுதி தூங்கி எழுவதைப் பற்றியது என்பதால் அந்த அலாரம் பாட்டிலேயே தங்கிவிட்டது. நல்ல ஹெட்போனில், ஆர்கெஸ்ட்ரா ஏறத் தொடங்கும்போது எவன்ஸின் எண்ணிக்கையும் மெலிதாகக் கேட்கும்.

இதைப் பவுன்ஸ் செய்து, மேலே குரல், பேஸ், டிரம்ஸ். பிப்ரவரி 10 அன்று 40 இசைக்கலைஞர்கள் முதலாம் ஸ்டூடியோவில். டேப்பில் இடமில்லை. டவுன்சென்ட் ஒரு மெஷினில் 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்து, அதைக் கொண்டு இரண்டாவது மெஷினின் மோட்டாரை ஓட்டினார். இரண்டு நான்கு டிராக் மெஷின்கள் சேர்ந்து ஓடின. ஆர்கெஸ்ட்ராவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாசிக்க வைத்து அடுக்கினார்கள். அந்தக் கட்டடம்போன்ற ஏற்றத்தில் வாத்தியங்கள் ஒன்றோடொன்று சரியாகச் சேராமல் சறுக்குவது, ஒவ்வொருவரும் தன் வழியில் கீழிருந்து மேலே போகலாம் என்று சொல்லப்பட்டதால்.

பிப்ரவரி 22 அன்று கடைசி சுரக்கூட்டு. லெனன், மெக்கார்ட்னி, ரிங்கோ, எவன்ஸ் எல்லோரும் பியானோக்களில் ஒரே கணத்தில் ஈ மேஜரை அடித்தார்கள். அதன்மேல் மார்ட்டின் ஆர்மோனியம் சேர்த்தார். ஒலி அடங்க அடங்க எஞ்சினியர் ஃபேடரை ஏற்றிக்கொண்டே போனார், நாற்பது நொடிக்கும் மேலாக. ஒலி குறையும்போது ஃபேடர் ஏறுவதால் அறையே மேலே வருகிறது. விளக்கை அணைத்துவிட்டு, ஒலியளவைக் கூட்டி, அந்த முடிவை மட்டும் கேளுங்கள். பியானோ கிட்டத்தட்ட மறைந்த பிறகு ஒரு நாற்காலி கிரீச்சிடும்.